இல்லாத பூச்சியும் இருக்கின்ற வேதனையும்

 

அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளில் தலையாயது அறிவு. தொழுகையும் நோன்பும் ஹஜ்ஜும் அறிவுள்ளவர் மீதே கடமையாகின்றன. கொடுக்கல் வாங்கலும் திருமண ஒப்பந்தமும் புத்தி தெளிவாக உள்ளவர் செய்தால்தான் செல்லுபடியாகும். அந்த அறிவுக்குக் கருவியாக அமைந்த மூளையும் உடலின் ஓர் உறுப்பே. கண் மங்குவது போல, இதயம் தளர்வது போல, மூளையும் நோயுறுகிறது. ஆனால் காய்ச்சல் கண்டவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு செல்லும் நாம், மனநோய் கண்டவர் இருக்கும் வீட்டைத் தவிர்த்து நடக்கிறோம். அத்தகைய நோய்நிலைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றைக் குறித்து இங்கே விரிவாகக் காண்போம்.

"என் தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது. இரவு முழுவதும் கடிக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வேன்?" என்று ஒருவர் சொல்கிறார். வீட்டார் பார்க்கிறார்கள்; ஒன்றும் இல்லை. தோல் மருத்துவர் பார்க்கிறார். சொறிந்த காயம் தவிர வேறு எதுவும் இல்லை. அவரோ தீப்பெட்டியில் எதையோ சேர்த்து வைத்துக்கொண்டு வந்து காட்டுகிறார். பிரித்துப் பார்த்தால் உலர்ந்த தோல் செதில், நூல் துணுக்கு, முடி, தூசி ஆகியவையே இருக்கின்றன. இப்படிப் பெட்டியில் கொண்டுவந்து காட்டுவது உலகெங்கும் உள்ள நோயாளிகளிடம் காணப்படுவதால், மருத்துவர்கள் இதற்குத் 'தீப்பெட்டி அடையாளம்' என்றே பெயர் வைத்துள்ளனர்.

இதன் விளைவுகள் சிறியவை அல்ல. மெத்தை, தலையணைகள் எரிக்கப்படுகின்றன. ஒரு நாளில் பத்து முறை குளிப்பார். கிருமிநாசினியை நேரடியாக உடலில் தேய்த்துக்கொள்வார். மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் பூசிக்கொள்வார். ஊசியாலும் பிளேடாலும் தோலைக் கிளறுவார். பேரக் குழந்தையைத் தொடமாட்டார், தம்மிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தால். பள்ளிவாசல் ஸஃப்பில் பக்கத்தில் நிற்க ஆள் வந்தால் விலகிச் செல்வார். தூக்கமும் தொழிலும் உறவும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

இந்த நோய்க்கு என்ன பெயர்?

1894ஆம் ஆண்டில் ஜார்ஜ் திபியெர்ஜ் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். 'உண்ணிகளைக் கண்டு அஞ்சுவோர்' என்று அவர்களை அழைத்தார். 1938இல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் இதனை விரிவாக வர்ணித்தார். அதனால் இன்றும் இது 'எக்போம் நோய்க்குறித் தொகுதி' என்று வழங்கப்படுகிறது.

பின்னர் வந்த மருத்துவர்கள், இது அச்சம் அன்று, நம்பிக்கை என்று தெளிவுபடுத்தினர். இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். கரப்பான் பூச்சியைக் கண்டு அலறுபவருக்கு, தாம் அளவுக்கு மீறி அஞ்சுகிறோம் என்பது தெரியும். இந்த நோயாளிக்கோ பூச்சி இருப்பதில் ஐயமே இல்லை. எத்தனை சான்று காட்டினாலும் அசையாத, உண்மைக்கு மாறான இத்தகைய உறுதியை மருத்துவ நூல்கள் 'பிறழ் நம்பிக்கை' என்கின்றன. அவர் நடிக்கவில்லை; பொய் சொல்லவில்லை; பிடிவாதமும் பிடிக்கவில்லை. பூச்சி இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, அவருக்கு ஊர்வதும் கடிப்பதும் அவ்வளவு உண்மை.

மனச்சிதைவு நோயும் பூச்சி எண்ணமும்

இந்த எண்ணம் பல காரணங்களால் தோன்றலாம். அவற்றுள் ஒன்று ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 2 கோடியே 40 இலட்சம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு, இந்நோய் உள்ளது. ஒரு பெரிய முஹல்லாவில் 3,000 பேர் இருந்தால் அவர்களில் பத்துப் பேரளவில் இந்நோயுடன் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது.

நம் அனைவருக்கும் நாள்தோறும் எங்கேனும் அரிக்கிறது. ஏதோ ஊர்வது போல் இருக்கிறது. மூளை அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. எது முக்கியம், எது முக்கியமல்ல என்று முத்திரை குத்தும் வேலையில் டோபமின் என்னும் வேதிப்பொருளுக்குப் பெரும் பங்குண்டு. மனச்சிதைவில் மூளையின் சில பகுதிகளில் இதன் செயல்பாடு அளவு மீறுகிறது. அதன் விளைவாக, அற்பமான ஓர் அரிப்பும், யாரோ இருமியதும், சுவரில் விழுந்த நிழலும் தனக்கென்றே அனுப்பப்பட்ட செய்திகளாகத் தோன்றுகின்றன. தொடுவார் இல்லாமலே தொடு உணர்வும், பேசுவார் இல்லாமலே குரலும் எழலாம். நோயாளியின் மனம் இவற்றுக்கு ஒரு விளக்கம் தேடுகிறது. 'பூச்சி' என்பது அவ்வாறு கிடைத்த விளக்கமே ஆகும்.

ஆகவே மனச்சிதைவு உள்ளவரின் பூச்சி எண்ணம் தனியாக வருவதில்லை; அதனுடன் ஒரு கதையும் சேர்ந்து வரும். "உறவினர் சோற்றில் முட்டையைக் கலந்துவிட்டார்கள்", "பக்கத்து வீட்டுக்காரர் இயந்திரம் வைத்து ஏவுகிறார்", "பூச்சிகள் என்னோடு பேசுகின்றன, என் எண்ணங்களைத் திருடுகின்றன" என்பார். தனக்குத்தானே பேசுதல், தொடர்பில்லாத பேச்சு, குளிப்பு உடை பற்றிய கவனமின்மை, அறைக்குள்ளேயே அடைந்து கிடத்தல், முகத்தில் மகிழ்ச்சியோ வருத்தமோ தெரியாமை ஆகியவையும் காணப்படும்.

வேறு சிலருக்கு இந்த ஒரே எண்ணம் தவிர மற்ற எல்லாம் சரியாக இருக்கும். கடையைக் கவனிப்பார், கணக்குப் பார்ப்பார், பூச்சிப் பேச்சு வந்தால் மட்டுமே மாறுவார். இது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வருகிறது. கடுமையான மனச்சோர்வு, முதுமை மறதி நோய் ஆகியவற்றிலும் இவ்வெண்ணம் தோன்றலாம். கொக்கைன், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப் பொருள்களும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் பூச்சி ஊர்வதான உணர்வை உண்டாக்கும். நீரிழிவு, தைராய்டு கோளாறு, சிறுநீரக நோய், வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் அரிப்பையும் குறுகுறுப்பையும் தரும். காரணம் எதுவெனக் கண்டறிவது மருத்துவரின் பணி.

முதலில் உடலைப் பரிசோதியுங்கள்

பூச்சி கடிக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் ஒருவரை மனநோயாளி என்று முத்திரை குத்துவது அநீதியாகும். நம் நாட்டில் சிரங்கும் பேனும் குடற்புழுவும் சாதாரணமானவை. சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய உண்ணி உண்மையாகவே தோலுக்குள் குடைந்து வாழ்கிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடங்கள் ஆகியவற்றில் அரிப்பு இருந்து, இரவில் அது அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு ஏற்பட்டால் அது சிரங்காக இருக்க வாய்ப்புண்டு. மருந்துக் களிம்பு பூசினால் குணமாகிவிடும்.

எனவே தோல் மருத்துவர் முழுமையாகப் பார்க்க வேண்டும். நோயாளி கொண்டுவருவதை எள்ளி நகையாடாமல் நுண்ணோக்கியில் பரிசோதிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். மன நோயாளிக்கும் உண்மையான சிரங்கு வரலாம் என்பதை மறக்கக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தும், "ஆய்வகம் மறைக்கிறது, மருத்துவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்" என்று அவரது உறுதி மேலும் வலுக்குமானால், மனநல மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது.

வீட்டார் செய்யும் மூன்று தவறுகள்

முதலாவது, வாதம் செய்வது. "எங்கே பூச்சி? காட்டு பார்க்கலாம்!" என்று கேட்டால் அவர் தீப்பெட்டியைத் திறப்பார். வாதத்தால் பிறழ் நம்பிக்கை குறைவதில்லை. நம் மீதுள்ள நம்பிக்கைதான் குறைகிறது.

இரண்டாவது, ஆமாம் போடுவது. அவரைச் சமாதானப்படுத்துவதாக எண்ணி, "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொல்வதும், வீடு முழுவதும் பூச்சிமருந்து அடிப்பதும் நோய்க்கு உரம் இடுவதாகும். சில வீடுகளில், நோயாளியுடன் நெருங்கி வாழும் தாயோ மனைவியோ காலப்போக்கில் தாமும் அதை உண்மையென்றே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். தமக்கும் கடிப்பதாகக் கூறுவார்கள். முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்து, இருவரும் சிறிது காலம் தனித்திருந்தால் மற்றவருடைய எண்ணம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவது, மருந்தை உணவில் மறைத்துக் கொடுப்பது. சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று அஞ்சும் ஒருவருக்கு நாமே சோற்றில் கலந்து கொடுத்து, அதை அவர் கண்டுகொண்டால், அவரது அச்சத்தை நாமே மெய்ப்பித்தவர்களாகிறோம். அதன் பிறகு அவர் உணவையும் மறுப்பார், மருந்தையும் மறுப்பார்.

அப்படியானால் என்ன சொல்வது? பூச்சியைப் பற்றிப் பேசாமல் வேதனையைப் பற்றிப் பேச வேண்டும். "மகனே, நீ படும் கஷ்டம் எனக்குத் தெரிகிறது. நான்கு நாளாக நீ தூங்கவில்லை. என் கண்ணுக்குப் பூச்சி தெரியவில்லை. ஆனால் உன் வேதனை தெரிகிறது. தூக்கம் வரவும் இந்தத் தவிப்பு குறையவும் மருத்துவரிடம் போவோம், நானும் கூட வருகிறேன்" என்று ஓர் உம்மா சொன்னால் அதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

ஜின்னா? சூனியமா?

ஜின்கள் இருப்பது நமது ஈமானுக்கு உட்பட்ட விஷயம். ஆனால் வரும் நோய்கள் எல்லாம் ஜின்னால் வருபவை என்று மார்க்கம் நமக்குச் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நோயாளியின் அருகில் அமர்ந்து ஃபாத்திஹா, ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதி துஆச் செய்வதை எந்த மருத்துவரும் தடுக்கப் போவதில்லை. அது நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆறுதல் தரும். மருந்தை நிறுத்தச் சொல்வதும், பட்டினி போடுவதும், பிரம்பால் அடிப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும், ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பதும் ஓதிப் பார்த்தலில் சேராதவை.

பூச்சி எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொரு தனி ஆபத்தும் உண்டு. உடலிலிருந்து புழுவை உறிஞ்சி எடுப்பதாகக் கூறி, கையில் மறைத்து வைத்திருந்ததைக் காட்டிப் பணம் பெறும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். "பார்த்தீர்களா, நான் சொன்னது உண்மைதானே!" என்று நோயாளி மகிழ்வார், ஓரிரு நாள் நிம்மதியாகவும் இருப்பார். பிறகு அரிப்பு திரும்பும். இப்போது அவரிடம் 'சான்று' இருக்கிறது. அதற்குப் பின் மருத்துவர் அவரைத் தெளிவிப்பது பன்மடங்கு கடினமாகிறது.

நபி அய்யூப் (அலை) அவர்களின் உடலில் புழு நெளிந்ததாகவும், கீழே விழுந்த புழுவை அவர்களே எடுத்து விட்டதாகவும் நம் வீடுகளில் கதை சொல்லப்படுகிறது. திருக்குர்ஆன் அவர்களின் துன்பத்தையும் பொறுமையையும் பேசுகிறது. புழுவைப் பற்றி எங்கும் பேசவில்லை. மக்கள் வெறுத்து ஒதுக்கும் நோயை அல்லாஹ் தன் தூதருக்குத் தரமாட்டான் என்று கூறி இக்கதையை மறுத்த அறிஞர்கள் பலர். பூச்சி எண்ணத்தால் வாடுபவரிடம் இக்கதையைச் சொல்லிப் பொறுமை போதிக்காதீர்கள். அவர்களின் நோயை நீக்கியபோதும் அல்லாஹ் குளிக்கவும் பருகவும் நீரைக் காரணமாக்கித் தந்தான் என்பதே திருக்குர்ஆன் கூறும் செய்தி. காரணங்களைத் தேடுவது தவக்குலுக்கு எதிரானது அன்று.

சிகிச்சை உண்டு

மனச்சிதைவுக்கான முதல் மருந்து 1952இல் பிரான்ஸில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், அரிபிபிரசோல் போன்ற மருந்துகள் உள்ளன. இவை டோபமினின் மிகைச் செயலைக் கட்டுப்படுத்துகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதலில் தூக்கமும் அமைதியும் வரும். பிறகு பூச்சி இருப்பதாகச் சொன்னாலும் அதைப் பற்றிய பதற்றம் குறையும். அதன் பின்னரே நம்பிக்கை தளரும். இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் பலன் இல்லையென்றால் குளோசபின் என்ற மருந்து உண்டு. அதற்கு இரத்த அணுக்களைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். மாத்திரை மறப்பவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. சொறிந்த புண்ணுக்குத் தோல் மருத்துவரின் கவனிப்பும் கூடவே தேவை.

உடல் எடை கூடுதல், சர்க்கரை உயர்தல், கை நடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பக்க விளைவுகள் வரலாம். வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவருக்கு வழி உண்டு. குணமாகிவிட்டது என்று நாமாக நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம். ரமளானில் நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை மாற்றலாமா என்பதை மாதத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்பதில் குற்றமில்லை.

பூச்சியைக் கொல்வதாகத் தம் மீதோ குழந்தைகள் மீதோ மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்ற முற்பட்டாலும், தற்கொலைப் பேச்சு பேசினாலும், யாரையேனும் தாக்குமாறு குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 'டெலி மானஸ்' என்ற இந்திய அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் எண் 14416. தமிழிலும் பேசலாம்.

கல்யாணம் மருந்தல்ல

"நிக்காஹ் முடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. நோயை மறைத்துப் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் மோசடியாகும். ஒன்றும் அறியாமல் வந்த பெண்ணையே, "இவள்தான் சோற்றில் பூச்சி கலக்கிறாள்" என்று நோயாளி சந்தேகிக்கும் நிலை வந்தால் யார் பொறுப்பு? சிகிச்சையால் தெளிந்து, மருந்தைத் தொடர்ந்து, உண்மையைச் சொல்லித் திருமணம் செய்து நல்லபடியாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியே நேர்மையானது.

ஏர்வாடியை மறவோம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் கருகி இறந்தனர். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு தாய்க்குப் பிள்ளை. குணமாக வேண்டும் என்று விட்டுச் சென்ற குடும்பங்கள் சடலங்களைத் தேடி வந்தன. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் அனுமதிக்காமல் தடை செய்துள்ளது. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில், துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு மருத்துவச் சேவை ஏற்பாடு செய்யப்பட்டது.

நம் முன்னோரின் வரலாறு சங்கிலி வரலாறு அன்று. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்கும் நோய் உண்டு, ஒன்று மற்றதைப் பாதிக்கும் என்ற கருத்தில் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் அவர்களுக்கு இசையும் நீரோசையும் நறுமணமும் கொண்டு இதமளிக்கப்பட்டது. அக்காலத்தில் இன்றைய மருந்துகள் இல்லை. ஆயினும் நோயாளி என்ற கண்ணியம் கொடுக்கப்பட்டது.

அன்பார்ந்தவர்களே! நமது முஹல்லாவில் இத்தகைய வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கேலி செய்ய விடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆள் இல்லையென்றால் ஜமாஅத்தில் ஒருவர் துணைக்குச் செல்லட்டும். மருந்து வாங்க வழியில்லையென்றால் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். ஓதிப் பார்க்க வருபவர்களிடம், "மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று இமாம்கள் முதலில் கேட்கட்டும். இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் அந்தத் தாயை ஒரு பொழுதேனும் உறங்க வைப்பதும் நோயாளியை நலம் விசாரிப்பதில் அடங்கும்.

நோயுற்ற உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் வலிமையையும் நல்குவானாக! ஆமீன்.